ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குக் குழுவாகப் போவது படிப்பா, சுற்றுலாவா?

கேள்வி: பினாங்கிலிருந்து ஒரு மாணவி, 2019 ஜூலை 5

அக்கா, எங்கள் துறையில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்கும் பதினொரு பேர் அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களைப் பார்த்து வரத் திட்டமிட்டிருக்கிறோம். ஆளுக்குப் பத்தாயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆகும் என்கிறார்கள். எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது இது படிப்புக்கு ஆகும் செலவா, ஊர் சுற்றுவதற்குப் படிப்பு என்று பெயர் சூட்டிய செலவா என்று வீட்டில் அப்பா கேட்கிறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் போன மாதம்தான் போய் வந்தீர்கள் என்பதால் கேட்கிறேன்.

2019 ஜூலை 6

உங்கள் அப்பா சொல்வது சரி. அது சுற்றுலாதான்.

கோலாலம்பூரிலிருந்து நாங்கள் பதின்மூன்று பேர் போனோம். பதினான்கு நாள்களில் நெதர்லாந்தின் லைடன், ஜெர்மனியின் கொலோன், ஹாலே, இத்தாலியின் பதுவா, பொலோனியா என்று ஐந்து ஊர்கள். ஆளுக்கு 9,600 வெள்ளி ஆயிற்று. அதில் ஒரு பகுதியைச் சென்ற தீபாவளிக்கு முறுக்கு டின் விற்றுச் சேர்த்தோம். இனி என் வாழ்நாளில் முறுக்கு பிழியப் போவதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் நடந்தது ஏறக்குறைய ஒன்றுதான். வாசலில் ஒருவர் வரவேற்றார், ஒரு கூடத்தில் உட்காரவைத்துத் திரையில் படங்களைக் காட்டினார், தொடங்கிய ஆண்டைச் சொன்னார், முற்றத்தைச் சுற்றிக் காட்டினார், நாங்கள் படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். திரையில் கண்ட அனைத்தையும் கோலாலம்பூர் பந்தாயில் என் அறையில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம். ஐந்து ஊர் என்பது பேராசை. போவதென்றே முடிவு செய்தால் மூன்று ஊர் போதும்.

2019 ஜூலை 8

நேற்று முன்தினம் எழுதியதை இன்று படிக்கும்போது, களைப்பில் எழுதியது என்று தெரிகிறது. முழுவதும் தவறில்லை, ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன்.

லைடனில் இரண்டாம் நாள், திட்டத்தில் இல்லாமலே, ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைப் பார்த்தோம். நெதர்லாந்தில் அது பொது நிகழ்வு. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். தேர்வுக்கு நிற்பவரின் பாட்டியும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவருக்கு இருபுறமும் மாப்பிள்ளைத் தோழர்களைப் போல இருவர் நிற்கிறார்கள். அங்கியும் தொப்பியும் அணிந்த பேராசிரியர்கள் வரிசையாக நுழைகிறார்கள். கேள்விகள் தொடங்கி நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும், மணிகள் கோத்த கோல் ஒன்றை ஏந்திய அலுவலர் உள்ளே வந்து கோலைத் தரையில் தட்டி, 'நேரமாயிற்று' என்று இலத்தீனில் அறிவிக்கிறார். அந்த நொடியில் யார் பேசிக்கொண்டிருந்தாலும், வாக்கியம் பாதியில் நின்றாலும், அத்துடன் முடிந்தது. அந்த மாணவர் ஒரு கடினமான கேள்விக்குத் திணறிக்கொண்டிருந்தபோது கோல் தட்டப்பட்டது. அவர் முகத்தில் தோன்றிய நிம்மதியை நான் மறக்க மாட்டேன்.

நம் ஊரில் இது மூடிய அறைக்குள் நடக்கிறது. வெளியே மேசையில் கரிபாப்பும் தேநீரும் ஆறிக்கொண்டிருக்க, உள்ளே என்ன நடக்கிறது என்பது அடுத்த மாணவருக்கு வதந்தியாகத்தான் வந்து சேரும். நானே மூன்று ஆண்டுகளாக அந்த வதந்திகளைக் கேட்டு அஞ்சிக்கொண்டிருப்பவள். பெரும்பாலான கேள்விகள் 'நீங்கள் ஏன் இதைச் செய்தீர்கள், அதை ஏன் செய்யவில்லை' என்ற அளவில்தான் இருக்கும் என்பதை நேரில் கண்ட பிறகு, என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் திருப்பி எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கலாம். ஆனால் நான் ஒருபோதும் தேடிப் பார்த்திருக்க மாட்டேன்.

அதே கட்டடத்தில் தேர்வு முடிவுக்காக மாணவர்கள் காத்திருக்கும் சிற்றறை ஒன்று உண்டு. அதற்கு வியர்வை அறை என்றே பெயர். பட்டம் பெற்றவர்கள் சுவரில் கையெழுத்திட்டு விட்டுப் போகிறார்கள். சுவர் நிரம்பியிருக்கிறது. எங்களில் ஒருவர் எழுதுகோலை எடுத்துவிட்டார். நல்ல வேளையாக ஒரு கை அதைப் பிடுங்கிக்கொண்டது.

2019 ஜூலை 9

விசாவைப் பற்றிக் கேட்டவருக்கு: மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஒரே விசா செல்லும் ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் 180 நாள்களுக்குள் 90 நாள்வரை விசா தேவையில்லை. எங்களில் பன்னிரண்டு பேருக்கு அதனால் தொல்லை இல்லை. பதின்மூன்றாமவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே படிக்கும் தம்பி. அவருக்கு விசா வேண்டும், அதை எந்த நாட்டிடம் கேட்பது என்பதில் பிழை செய்தவள் நான்தான். முதலில் இறங்குவது நெதர்லாந்தில் என்பதால் அங்கே விண்ணப்பிக்கச் சொன்னேன். விதி அப்படியன்று, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும், எல்லா இடத்திலும் சம நாள்கள் தங்கினால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு அதிக நாள் இத்தாலியில். மறுபடியும் படிவம், மறுபடியும் வங்கிக் கணக்கு, மறுபடியும் வரிசை. அவர் எங்களோடு கொலோனில்தான் வந்து சேர்ந்தார், லைடனைத் தவறவிட்டார். இன்றுவரை அவர் என்னைக் குறை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

2019 ஜூலை 13

லைடனைப் பற்றி எழுத வேண்டியதை எழுதாமல் வியர்வை அறையைப் பற்றி எழுதினேன். உண்மையில் நான் லைடனுக்குப் போக விரும்பிய காரணமே வேறு.

சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள் நாங்கள் போனபோது அங்கே பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தன. லைடன் செப்பேடுகள் என்ற பெயரே அதனால்தான். பெரிய தொகுதியில் இருபத்தொரு ஏடுகள்: ஐந்து சமஸ்கிருதத்தில், பதினாறு தமிழில். வளையத்தில் இராசேந்திரனின் முத்திரை. கடாரத்து அரசன் ஸ்ரீமாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, இராசராசன் தன் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தின் வருவாயை அளித்ததை அவை சொல்கின்றன. நெல் 8,943 கலத்துக்குச் சற்று மேல் என்று நாழிவரை கணக்கு இருக்கிறது. பிடியானையை நடத்தி ஊரின் எல்லையை வகுத்ததும் இருக்கிறது. இராசராசன் கொடுத்த கொடையைச் செப்பேட்டில் நிலைநிறுத்திய மகன் இராசேந்திரன்தான் 1025இல் அதே கடாரத்தின்மீது கப்பற்படையை அனுப்பினான். நான் புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவள். வடக்கே ஆறு தாண்டினால் கடாரம், இன்றைய கெடா. இந்த ஏடுகளைக் காண எனக்கு உரிமை உண்டு என்ற ஒரு மிதப்பு என்னிடம் இருந்தது.

அந்த மிதப்பில் ஒரு காரியத்தை மறந்தேன். நூலகத்துக்கு முன்கூட்டி எழுதவில்லை. குழுவின் பயண அமைப்பாளர் 'நூலகப் பார்வை' என்று ஒரு மணி நேரத்தைக் குறித்திருந்தார். அதற்குள் எல்லாம் அடங்கும் என்று நினைத்துவிட்டேன். எங்களுக்குக் காட்டியது நூலகக் கட்டடத்தை. அரும்பொருள்கள் பாதுகாப்பறையில் இருப்பவை, அவற்றை எண் குறித்துக் காரணம் சொல்லி முன்பே கேட்டிருக்க வேண்டும், பன்னிரண்டு பேரை வாசிப்பறைக்குள் விடவும் முடியாது என்று மேசையில் இருந்த அம்மையார் மிக அன்பாகச் சொன்னார். மறுநாள் நாங்கள் கொலோன் புறப்பட வேண்டும். என் முகத்தைப் பார்த்து இரங்கியோ என்னவோ, அந்தச் செப்பேடுகளின் அச்சுப் பதிப்பைத் தருகிறேன் என்று சொல்லி ஒரு தொகுதியைக் கொண்டுவந்து வைத்தார். அது 'எபிகிராபியா இண்டிகா' இருபத்திரண்டாம் தொகுதி. என் மேற்பார்வையாளரின் அலமாரியில், காப்பிக் கறை படிந்த அட்டையோடு இருக்கும் அதே தொகுதி. பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்துபோய் அதை அரை மணி நேரம் புரட்டிவிட்டு வந்தேன். அம்மையாரிடம் நன்றியும் சொன்னேன்.

2019 ஜூலை 14

என் கதையைப் படித்து இருவர் சிரித்திருக்கிறார்கள், ஒருவர் திருத்தியிருக்கிறார். திருத்தியவர் தைப்பிங்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர்; அவர் ஆறு வாரங்களுக்கு முன்பே கடிதம் எழுதி, எந்தக் கேள்விக்காகப் பார்க்க விரும்புகிறார் என்று ஒரு பக்கத்தில் விளக்கி, தனியாகப் போய் அந்த ஏடுகளை நேரில் பார்த்தவராம். பல்கலைக்கழக அடையாள அட்டைகூட அவரிடம் இல்லை. இதைப் படித்ததும் என் 6ஆம் தேதிக் குறிப்பின் தொனி எனக்கே பிடிக்கவில்லை. சுவர்களைத்தான் காட்டினார்கள் என்று குறைப்பட்டேன். சுவர்களைத் தவிர வேறெதையும் நான் கேட்கவில்லை.

ஆகவே, தங்கை, உங்கள் கேள்விக்கு இப்போதைக்கு என் பதில் இது: குழுவாகப் பயணச்சீட்டு வாங்குங்கள், குழுவாகத் தங்குங்கள், ஆனால் பதினொரு பேரும் ஆளுக்கொரு கேள்வியோடும் ஆளுக்கொரு சந்திப்போடும் போங்கள். ஒருவர் நூலகத்தில் இருக்கும்போது இன்னொருவர் ஆய்வகத்தில் இருக்கட்டும். இரவு உணவில் சேர்ந்துகொள்ளலாம்.

2019 ஜூலை 21

கொலோனைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே பல்கலைக்கழகத்தில் ஜெர்மனியின் பெரிய தமிழ் நூல் தொகுப்புகளில் ஒன்றைப் பார்த்தோம். நான் அலமாரிகளுக்கிடையே நடந்தபோது எங்கள் ஊர் தமிழ்ப்பள்ளியில் படித்த கதைப் புத்தகங்களின் வாசனை அடித்தது. பழைய தமிழ்த் தாளுக்கென்று ஒரு வாசனை உண்டு போலும். ஒரு ஜெர்மானிய மாணவர் எங்களிடம் செந்தமிழில் பேசினார். எங்களில் பாதிப்பேர் மலாயும் ஆங்கிலமும் கலக்காமல் பதில் சொல்ல முடியாமல் தலையசைத்தோம். அவ்வளவுதான் கொலோன்.

ஹாலே வேறு. எதிர்பார்க்காமல் போன இடம் அதுதான். ஃபிராங்கே அறநிலையம் 1698இல் அனாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அங்கிருந்துதான் வந்தார், 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். வந்த இரண்டே ஆண்டில், தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்பினார். தரங்கம்பாடி அச்சகத்துக்கான முதல் தமிழ் எழுத்துகளை ஹாலேயில்தான் வார்த்தார்கள். அவை அளவில் பெரிதாக இருந்து தாளை விழுங்கியதால், தரங்கம்பாடியிலேயே சிறியவற்றை வார்க்க வேண்டியதாயிற்று. தமிழ் பேசாத ஊரில் தமிழ் எழுத்தை வார்த்தவர்களைப் பற்றி நினைத்துக்கொண்டே நூலகத்துக்குள் நுழைந்தேன். நாடக மேடையின் பக்கத் திரைகளைப் போல அலமாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் அறை அது. பனையோலைகளைக் கண்ணாடிக்குள் பார்த்தோம்.

லைடனில் பட்டபிறகு, கொலோன் விடுதியிலேயே இரவோடிரவாக ஹாலேக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மிகத் தாமதம்தான். ஆனாலும் ஒரு காப்பாளர் மதிய உணவு நேரத்தில் இருபது நிமிடம் ஒதுக்கி, சுவடிப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று எனக்கும் அந்தத் தமிழ்நாட்டுத் தம்பிக்கும் காட்டினார். மற்ற பதினொரு பேரும் அந்நேரம் வெளியே ரொட்டியும் தொத்திறைச்சியும் தின்றுகொண்டிருந்தார்கள். பயணத்தில் நான் படித்தது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்த இருபது நிமிடத்தைத்தான் சொல்வேன்.

2019 ஜூலை 23

ஜெர்மனியில் வகுப்பு பத்து மணிக்கு என்றால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். அதைக் குறிக்க அட்டவணையில் 'சி.டி.' என்ற இரண்டு எழுத்துகளைப் போடுவார்கள். நம் திருமண அழைப்பிதழ்களிலும் போடலாம்.

2019 ஜூலை 28

செயிண்ட் ஆன் திருவிழாவுக்காக ஊருக்கு வந்திருக்கிறேன். புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: நாங்கள் இந்துக் குடும்பம் என்றாலும் ஜூலை மாதக் கடைசியில் மெழுகுவத்தி ஏற்ற எல்லோரும் அங்கே போவோம். கூட்டத்தில் நின்றிருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது, இந்தத் தேவாலய வளாகத்தில் செரோக் தோக்குன் கல் இருக்கிறது என்று. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தென்னிந்திய எழுத்து பொறித்த பாறை அது. ஜேம்ஸ் லோ என்ற கும்பினி அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைக் குறித்து வைத்தார். அவரே 1834இல் செபராங் பிறை பகுதியில் கண்டெடுத்த, மாநாவிகன் (கப்பல் தலைவன்) புத்தகுப்தனின் கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தப் பாறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சிறு வயதில் அதன் பக்கத்தில் நின்று ஐஸ் கச்சாங் தின்றிருக்கிறேன். அதில் எழுத்து உண்டு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஐஸ் கச்சாங்கைத்தான் பார்த்திருப்பேன்.

இன்று போய்ப் பார்த்தேன். எழுத்து தேய்ந்துவிட்டது, வெயில் சாயும்போதுதான் கோடு தெரிகிறது. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை. லைடனுக்குப் போனது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம் என்று என் அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் கொள்கிறார்.

2019 ஆகஸ்ட் 4

இத்தாலியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். ஜூன் கடைசி வாரத்தின் வெப்ப அலையில் நாங்கள் அங்கே இருந்தோம். ஈப்போக்காரரே வெயிலைக் குறை சொன்னார் என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

பதுவாவில் 1595இல் முடிந்த உடற்கூற்று அரங்கைப் பார்த்தோம். ஆறு அடுக்குகள், முட்டை வடிவம், எல்லோரும் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். மயங்கி விழுபவர் கீழே விழாதபடி இடமே அவ்வளவு நெருக்கம். கலிலியோ 1592 முதல் 1610 வரை இங்கே கற்பித்தார். ஆனால் நான் நின்றுவிட்டது எலேனா கொர்னாரோ பிஸ்கோபியாவின் சிலை அருகில். 1678இல் முனைவர் பட்டம் பெற்றவர். உலகில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் என்று போற்றப்படுபவர். வழிகாட்டி அவரைப் பற்றி இரண்டு வாக்கியமும் கலிலியோவின் மேடையைப் பற்றிப் பதினைந்து நிமிடமும் பேசினார். எங்கள் குழுவில் ஒன்பது பேர் பெண்கள்.

வெளியே வந்தால் தெருவில் கூச்சல். பட்டம் வாங்கிய ஒரு பெண்ணுக்குத் தலையில் வாகை இலை மாலை சூட்டி, அவளைப் பற்றிய கேலிப்பாட்டும் படமும் நிறைந்த பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, சத்தமாகப் படிக்கச் சொல்கிறார்கள், தடுமாறினால் குடிக்கவேண்டும். அவளுடைய அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்கள். என் அம்மா அந்த இடத்தில் இருந்தால் அந்தத் தாளைக் கிழித்திருப்பார்.

பொலோனியாவை 1088இல் தொடங்கியது என்று கணக்கிடுகிறார்கள். எனக்கு அங்கே பிடித்தது அந்த ஆண்டு அன்று, தொடக்க கால ஏற்பாடு. மாணவர் சங்கங்களே பேராசிரியர்களை அமர்த்திச் சம்பளம் கொடுத்தன. தாமதமாக வந்தாலும் நேரத்தைத் தாண்டிப் பேசினாலும் பேராசிரியருக்கு அபராதம். ஊரை விட்டுப் போகவேண்டுமென்றால் மாணவரிடம் அனுமதி. இதைக் கேட்டபோது மாணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எங்களோடு வந்த விரிவுரைஞரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கூரையிலிருந்த குலச்சின்னங்களை மிகக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். பழைய பல்கலைக்கழகக் கட்டடமான ஆர்க்கிஜின்னாசியோவின் சுவரும் கூரையும் முழுக்க மாணவர்களின் சின்னங்கள்தான். அங்குள்ள மர உடற்கூற்று அரங்கு 1944 ஜனவரியில் குண்டு விழுந்து நொறுங்கியது. இடிபாட்டில் பொறுக்கிய மரச் சிற்பங்களையே வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

அசினெல்லி கோபுரத்தில் ஏறினால் பட்டம் கிடைக்காது என்பது அவ்வூர் மாணவர்களின் நம்பிக்கை. 498 படிகள். பதின்மூன்று பேரில் ஒருவர்கூட ஏறவில்லை. காரணம் வெயில் என்று எல்லோரும் சொன்னோம்.

2019 ஆகஸ்ட் 6

ஒரு திருத்தம். வாகை இலை என்று எழுதியது தவறு என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். அது லாரல், வாகை வேறு மரம். வெற்றிக்குச் சூடுவது என்பதால் கை தானாக எழுதிவிட்டது.

2019 ஆகஸ்ட் 19

இன்று உங்கள் அப்பாவை மறுபடி நினைத்தேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடி அலைந்தவர். அந்தம் தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி, 1679இல் அச்சானது, வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதை 1966இல் கோலாலம்பூரிலேயே மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் இங்கே நடந்தது. அவர் போனதும் பயணம்தான், நாங்கள் போனதும் பயணம்தான். அவர் திரும்பியபோது கையில் அகராதி இருந்தது. என் கையில் காந்தம் ஒட்டிய கோபுர பொம்மை ஒன்று இருக்கிறது, குளிர்பெட்டிக் கதவில்.

அப்பாவிடம் இதைச் சொல்லாதீர்கள்.

2019 நவம்பர் 30

தங்கை எழுதியிருக்கிறார். ஐந்து ஊரை இரண்டாகக் குறைத்துவிட்டார்களாம், லைடனும் ஹாலேயும் மட்டும். பதினொரு பேரும் தனித்தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். எட்டுப் பேருக்குப் பதில் வந்திருக்கிறது. இவருக்கு 2020 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு வாசிப்பறையில் ஓர் இருக்கை, கேட்டது செப்பேடுகளை. அப்பா சம்மதித்துவிட்டார், பணம்கூடப் பாதி தருகிறாராம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

2020 மார்ச் 21

கொரோனாத் தொற்றால் இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 18ஆம் தேதி தொடங்கியது. தங்கையின் பயணம் நின்றுவிட்டது. விமானக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை என்கிறார். ஜூன் 9 இருக்கையைத் தள்ளிவைக்க முடியுமா என்று லைடனுக்கு எழுதினாராம். அவர்களும் கதவை மூடிவிட்டார்கள், திறக்கும்போது எழுதுகிறோம், உங்கள் வேண்டுகோள் கோப்பில் இருக்கிறது என்று பதில் வந்ததாம்.

நான் 17ஆம் தேதி மாலை அவசரமாக பேருந்து பிடித்து புக்கிட் மெர்தாஜாமுக்கு வந்துவிட்டேன். மேற்பார்வையாளரிடம் இரவல் வாங்கிய இருபத்திரண்டாம் தொகுதி என் பையில் இருக்கிறது. தங்கை விரும்பினால், தமிழ்ப் பகுதியை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். காப்பிக் கறை 231ஆம் பக்கத்தில் கொஞ்சம் மறைக்கிறது.